வாளியம்மனை உண்டாக்கிய பூவாயி

பூவாயி கடவுளை உண்டாக்கிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நேரம் காலை ஒன்பதே முக்கால். குவாரியில் கணக்கெழுதும் கிராணி நான்; தராசுக் கொட்டகையில் லோரிகளை எடை போட்டுச் சீட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அதனால் துல்லியமாகத் தெரியும். கடவுள்களை உண்டாக்கியவர்களைப் பற்றி முப்பது வருடமாக மேடைகளில் நான் பேசாத பேச்சில்லை. ஏமாற்றுக்காரர்கள், சோம்பேறிகள், அடுத்தவன் வியர்வையில் நெய்ப்பொங்கல் வைக்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் பூவாயியைச் சேர்க்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அவள் செய்ததும் ஏமாற்றுதான். ஆனால் அதைவிட நியாயமான ஏமாற்றை நான் பார்த்ததில்லை.

அவள் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருடம். பத்தொன்பது வயதில் சன்னாசியைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குத் தெற்கே எங்கள் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வந்து சேர்ந்தாள். சன்னாசி லோரியில் ஏற்றி இறக்குகிற ஆள். நல்லவன். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று பூவாயியே சொல்வாள்.

ஆள் ஐந்தடிக்குக் குறைவு. கூடையில் கல் சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது, வாய் மட்டும் இறங்கவில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சிரித்தாள் என்று வேலை வாங்கும் மண்டோர் வைரப்பன் ஒருமுறை அவளுக்கு அரைநாள் கூலியை வெட்டினார். மீதி அரைநாளையும் வெட்டிவிட்டால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சிரித்து முடித்துவிடுவேன் என்றாள். மண்டோர் வெட்டவில்லை. அவள் வேலை முடியும்வரை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குவாரியில் பெண்கள் பன்னிரண்டு பேர். காலை ஆறு மணிக்கு வந்தால் மூன்று மணிக்குத்தான் இறங்குவார்கள். வெயில் பட்டு வெந்த வெள்ளைக் கல்லின் மேல் ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் எங்கே போவது? ஆண்களுக்கு லோரிச் சக்கரம் போதும். பெண்களுக்கு ஒரு புதர்கூட இல்லை. நீர்க்கடுப்பு இல்லாத பெண் எங்கள் குவாரியில் இல்லை. அதை வாய் திறந்து சொன்ன பெண்ணும் இல்லை. வலியைச் சொல்வதுகூட வெட்கம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் சுகமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். கக்கூசு கேட்டு மூன்று வருடத்தில் ஒன்பது மனு எழுதினேன். சட்டப் பிரிவு, அயல்நாட்டு உதாரணம், சுகாதாரப் புள்ளிவிவரம் எல்லாம் போட்டு எழுதினேன். முதல் மனுவுக்கு முதலாளி சியா தவுக்கே வாய்மொழியாகப் பதில் தந்தார். கையை நீட்டி, காடு பெரிதாக இருக்கிறதே என்றார். அவர் கை காட்டிய காட்டை முந்திய வருடமே அவர் வேட்டு வைத்துச் சல்லியாக்கி விற்றிருந்தார். ஒன்பதாவது மனு, வாசல் கடைக்காரரிடம் நான் வாங்கிய பொரித்த வாழைப்பழத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. பழத்தைச் சாப்பிட்டேன். பசி.

மலையின் கிழக்குக் காலில் ஒரு ஓட்டை இருந்தது. குனிந்து நுழைந்தால் நாலு பேர் நிற்கலாம். இடப்பக்கம் திரும்பினால் இன்னும் சின்னதாக ஒரு பின்னறை. கூரையிலிருந்து சொட்டும் நீர் வாசல் பக்கம் ஒரு கல் நாக்கின் வழியாக நூல் போல வெளியே வடியும். அதற்குப் பேர் கிடையாது. பெண்கள் அதை ‘அங்க’ என்பார்கள். “அங்க போயிட்டு வரேன்” என்று இருவர் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவல். அப்படி ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கே நிழல் இருப்பதை ஆண்கள் கண்டுபிடித்தார்கள். பத்து மணிப் பசியாறலுக்கு அங்கே போய் உட்கார்ந்தார்கள். மறுவாரம் சீட்டுக்கட்டு வந்தது. அதற்கு அடுத்த வாரம் யாரோ பாய் கொண்டுவந்து போட்டார்கள். பெண்கள் மறுபடியும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூவாயி ஆண்களுக்கு முன்னால் போய்விட்டாள். வேட்டு வைக்குமுன் தூக்கிக் காட்டுகிற சிவப்புக் கொடியைக் கம்பிலிருந்து உருவி, குகை வாசலில் நின்ற ஒரு கல்லுக்குச் சுற்றினாள். நெற்றிக் குங்குமத்தை வழித்துக் கல்லில் அப்பினாள். சன்னாசியின் பித்தத்துக்கென்று மடியில் முடிந்து வைத்திருந்த மூன்று எலுமிச்சம்பழத்தை முன்னால் வரிசையாக வைத்தாள். கழுவக் கொண்டுவந்த வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. அவள் நிமிர்ந்தபோது மண்டோர் வைரப்பன் நின்றுகொண்டிருந்தார்.

மண்டோர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ‘எனக்குத் தெரியாது’ என்ற வார்த்தையைப் பிறந்ததிலிருந்து சொல்லாத மனிதர், அவ்வளவுதான்.

“என்னாது இது?” என்றார்.

“சாமி.”

“நேத்து இல்லயே?”

“நேத்து நீங்க பாக்கல.”

“எந்தச் சாமி?”

பூவாயி இதை யோசித்து வைத்திருக்கவில்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கீழே வாளி இருந்தது.

“வாளியம்மா.”

மண்டோர் கல்லைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

“நம்ம வாளியம்மாவா?”

“நம்ம வாளியம்மாதாங்க.”

“அதான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

ஒரு தெய்வம் உண்டாவதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஆண்பிள்ளை கால் உள்ளே பட்டால் கண் அவிந்துவிடும் என்பது வாளியம்மாவின் முதல் கட்டளை. பெண்கள் உள்ளே இருக்கும்போது ஆண்கள் இருபதடி தள்ளி நிற்பது இரண்டாவது. பாய் போன மாயம் தெரியவில்லை. மறுநாள், இதைக் கேட்டுச் சிரித்த லோரி டிரைவர் ஒருவனுக்குக் கண்ணில் கட்டி வந்தது. சுண்ணாம்புத் தூசியில் வேலை செய்கிறவனுக்குக் கண்ணில் கட்டி வராமல் காலிலா வரும் என்று நான் கேட்டேன். என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அதன் பிறகு என் விளக்கம் யாருக்கும் தேவைப்படவே இல்லை. மண்டோருக்கு நெடுநாளாக மூலம். குணமானால் ஒரு வாளி வாங்கி வைப்பதாக வேண்டிக்கொண்டார். அந்த மாதம் அவர் மனைவி ஊருக்குப் போயிருந்ததால் மிளகாய் குறைந்தது, மூலமும் குறைந்தது. நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. அதைப் பார்த்து இன்னொருவர் சிவப்பு வாங்கினார். பரீட்சைக்கு வாளி, பிரசவத்துக்கு வாளி, தொலைந்த சைக்கிளுக்கு மூடி போட்ட வாளி. ஆறு மாதத்தில் குகை வாசலில் இருபத்து மூன்று வாளிகள் கயிற்றில் கட்டித் தொங்கின. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கடமுடவென்று சத்தம் வரும். அம்மன் பேசுகிறாள் என்று மண்டோர் கண்ணை மூடிக்கொள்வார். என்ன பேசினாள் என்று கேட்டால் அதையும் சொல்வார்.

சியா தவுக்கே வந்து வாளிகளை எண்ணினார். இருபத்து மூன்றை முன்னும் பின்னும் போட்டு நாலு நம்பர் லாட்டரி எடுத்தார். ஆறுதல் பரிசு விழுந்தது. அன்று மாலையே ஊதுபத்தியோடு பூவாயியைத் தேடி வந்துவிட்டார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கும்பிடுவது அவர் வழக்கம்.

“இந்த அம்மா பன்றி சாப்பிடுமா?” என்றார்.

“சாப்பிடாது தவுக்கே.”

“கோழி?”

“அதுவும் வேணாம். சவுக்காரம் புடிக்கும்.”

“சவுக்காரம்?”

“மணக்குற சவுக்காரம். துண்டு புடிக்கும். வாசலுக்கு ஒரு திரை புடிக்கும். தண்ணி ரொம்பப் புடிக்கும், கொழாய்த் தண்ணி.”

மூன்றாம் நாள் குகை வாசலுக்கு இரும்புக் குழாய் வந்தது. நான் தராசுக் கொட்டகையிலிருந்து அதைப் பார்த்தேன். ரத்தமும் சதையுமான பன்னிரண்டு பேருக்கு மூன்று வருடமாக வராத தண்ணீர், கொடித்துணி சுற்றிய ஒரு கல்லுக்கு மூன்று நாளில் வந்துவிட்டது. என்ன நாடு, என்ன மனிதர்கள் என்று கொதித்துக்கொண்டு போய்ப் பூவாயியிடம் சண்டை போட்டேன். மூடநம்பிக்கைக்குத் துணை போகலாமா என்று கேட்டேன். அவள் என்னை உட்காரவைத்து, தான் காலையிலிருந்து நாலு குவளை தண்ணீர் குடித்திருப்பதாகச் சொன்னாள்.

ஏறத்தாழ ஒரு வருடம், பேராக் மாநிலத்திலேயே சிறந்த கக்கூசு எங்கள் பெண்களுடையது. சோப்பு, துண்டு, திரை, குழாய், வேண்டிய நிறத்தில் வாளி. அந்தச் சமயத்தில்தான் மலைகளை அளக்கிற சர்க்கார் ஆள் ருஸ்டி என்பவர் வந்தார். இந்தக் குகைக்கு என்ன பேர் என்று மலாயில் கேட்டார். மண்டோர் தொங்குகிற வாளிகளைக் காட்டினார். ருஸ்டி மறு கேள்வி கேட்காமல் ‘குவா பால்டி’ என்று எழுதிக்கொண்டார். வாளிக் குகை. உள்ளே அளக்க வேண்டும் என்றபோது பூவாயி அளவு நாடாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாடாவைப் படிக்கத் தெரியாததால் கையால் அளந்து, பதினோரு முழம் என்று வந்து சொன்னாள். ருஸ்டி மெதுவாகப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, யோசித்து, ஐந்து மீட்டர் என்று போட்டார். சர்க்கார் வரைபடத்தில் இன்றும் அந்தப் பேரும் பூவாயியின் கையளவும்தான் இருக்கின்றன.

இவ்வளவு நன்றாகப் போனால் ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஆலயக் குழு அமைத்தார்கள். மண்டோர் தலைவர். வேறு யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கொட்டகையில் கூட்டம் போட்டுத் தீர்மானங்களை வாசித்தார். டவுனிலிருந்து பூசாரி வருவார். வருகிற வெள்ளிக்கிழமை பூசை செய்து ஆண்களுக்கான கண் தோஷத்தை நீக்குவார். அதன் பிறகு வாசலுக்கு இரும்புக் கதவு, பூட்டு. சாவி தலைவரிடம். அம்மன் கன்னித் தெய்வம், தீட்டு ஆகாது. ஆகவே பெண்கள் இனி உள்ளே போகக்கூடாது. இருபதடி தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

கைதட்டினார்கள். இரும்புக் கதவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது, கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் எழுந்து, கடவுள் பெண்ணாக இருந்தால் அவளுக்குத் தீட்டு எங்கே போகும் என்று ஆரம்பித்தேன். உட்காருங்க கிராணியாரே என்று நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

பூவாயி முதலில் அமைதியாகத்தான் கேட்டாள்.

“அப்ப நாங்க எங்க போறது?”

“எதுக்கு?” என்றார் மண்டோர்.

பன்னிரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் ஒன்பது மணி நேரம் வறண்ட நாக்கு, மறுபடியும் கடுப்பு. ஒரு வார்த்தை சொன்னால் தீரும். அந்த வார்த்தையை ஆண்கள் கூடிய சபையில் சொல்வதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். பூவாயியின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

“மண்டோரே,” என்றாள், “அது எங்க கக்கூசு.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கொடியைச் சொன்னாள், பித்தத்துக்கு வாங்கிய எலுமிச்சையைச் சொன்னாள், கீழே பார்த்தபோது வாளி இருந்ததைச் சொன்னாள்.

“எந்தக் கொடி?” என்றார் மண்டோர்.

“வேட்டுக் கொடி. காணாமப் போச்சுன்னு காட்டுக் கத்து கத்துனீங்களே, அது.”

கூட்டத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. அம்மனே பூவாயியின் நாக்கில் ஏறி நமது பக்தியைச் சோதிக்கிறாள் என்றார்கள். உண்மையை நேருக்கு நேர் சொன்னாலும் அதையும் அம்மன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டுதான் நான் சங்கம் நடத்தினேன். மண்டோர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் அவர் கை மெல்ல எழுந்து வாய்க்குப் போனது.

வாசலில் கல் நாக்கில் வடிகிற நீரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மண்டோர் பதினோரு மாதமாகத் தினமும் பெரட்டு முடிந்ததும் அதைத் தீர்த்தமென்று ஒரு கை பிடித்துக் குடித்துவந்தார். தலையில் தெளித்துக்கொள்வார். பாதி ஆண்கள் அப்படித்தான். சியா தவுக்கே காலி சோயா குழம்புப் பாட்டிலில் பிடித்து எண்பத்தொரு வயதுத் தாயாருக்குக் கொண்டுபோவார்.

“பூவாயி,” என்றார் மண்டோர். குரல் கீழே இறங்கியிருந்தது. “உள்ள தரை எந்தப் பக்கம் சரிவு?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கறவங்களுக்குச் சொல்ல முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்ததும் மண்டோர் என்னைத் தேடி வந்தார். பத்து வருடத்தில் முதல் தடவையாக என் தோளில் கை போட்டார்.

“கிராணியாரே, ஒங்களுக்குத்தான் சாமி கீமி கெடயாதே. சும்மா உள்ள போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்துருங்களேன்.”

“ஆம்பள உள்ள போனா கண்ணு அவிஞ்சிரும்னு பலகையில எழுதி வச்சிருக்கீங்களே மண்டோரே.”

“ஒங்களுக்கு அவியாது.”

“எனக்கு அவியாதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?”

அவர் வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து சொல்லாத அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு தெய்வக் கட்டளைக்கு நான் பணிந்து நடந்தது அன்று ஒருநாள்தான். மிகவும் திருப்தியாக இருந்தது.

மற்றப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். எக்கம்மா மட்டும் கொஞ்சம் பயந்த சுபாவம், அவளை வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டினார். அவளும் பூவாயியக் கேளுங்க என்றுதான் சொன்னாள். தலைவரே தீர்த்தத்தைத் தொடவில்லை என்ற சேதி டவுனுக்குப் போனது. பூசாரிக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரும் என்று புதன்கிழமையே தகவல் வந்தது.

அதே புதன்கிழமை தவுக்கே காரில் வந்து இறங்கினார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நேராகப் பூவாயி கல் சுமக்கும் இடத்துக்கே நடந்து வந்தார்.

“எந்தப் பக்கம்?” என்றார்.

பூவாயி கூடையை இறக்கி வைத்தாள். “நாலு ரூமு தவுக்கே. செங்கல்லு. நாலு கதவு, உள்பக்கம் தாப்பா. கொழாய் உள்ள வரணும். கட்டி முடிச்சு, எல்லாம் வேல செய்யுதான்னு பாத்துட்டு, சொல்றேன்.”

“இத்தன பெரிய காடு...” என்று தவுக்கே பழக்கத்தில் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு எதிரே வெள்ளைவெளேரென்று குவாரி கிடந்தது. கையை மடக்கிக்கொண்டார்.

மண்டோர் தெரியாமல் தவித்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் குடிக்கவில்லையே. தரை பின்பக்கம்தான் சரிவு. பின்னறை மூலையில் ஒரு பிளவு இருந்தது, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அதில் இறங்கி மலையின் வயிற்றுக்குள் போய்விடும். வாசலில் வடிந்தது கூரைச் சொட்டு, சுத்தமான மழைநீர். தவுக்கேயின் தாயார் அதைக் குடித்து நன்றாகத்தான் இருந்தார். பூவாயி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு உண்மையைக் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தாள். முதலாளிகள் சம்பளத்தை வைத்திருப்பதைவிடக் குறைந்த நாள்தான்.

மறுநாளே செங்கல் லோரி வந்தது. மேற்பார்வை மண்டோர். கொத்தனாரை அவர் விரட்டிய விரட்டலை நான் எந்தக் கோயில் திருப்பணியிலும் பார்த்ததில்லை. ஒன்பது நாளில் முடிந்தது. மூன்று வருடமும் ஒன்பது மனுவும் எனக்கு நினைவுக்கு வந்தன, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. செங்கல் சுவர், தகரக் கூரை, நாலு மரக்கதவு. பச்சை வண்ணம்.

திறப்பு விழா வைத்தே தீருவேன் என்றார் தவுக்கே. ரிப்பன் கட்டி, ஒரு சரம் பட்டாசும் கொளுத்தினார். குவாரியில் தினம் மூன்று தடவை வேட்டு வைக்கிற இடத்தில் அந்தப் பட்டாசை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டோர் பேச எழுந்தார். பேச விடாமல் பூவாயி ரிப்பனைக் கையால் ஒதுக்கிக்கொண்டு முதல் கதவைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. திறந்தாள். மறுபடி போட்டாள். மறுபடி திறந்து, மறுபடி போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. வெயில் ஏறியது. தவுக்கே கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். கடைசியில் மண்டோரால் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய், நின்று, தொண்டையைக் கனைத்து, மரியாதையாக ஒரு விரலால் தட்டினார்.

“பூவாயி... எந்தப் பக்கம்மா?”

“இருங்க மண்டோரே,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “இப்பத்தான உக்காந்திருக்கேன்.”